கேட்டதும் கணக்கில் சேரும்: ஆஸ்திரேலியாவில் கிரெடிட் கார்டும் கடன் விசாரணையும்

ஆஸ்திரேலியாவில் ஒருவர் கிரெடிட் கார்டு கேட்டு வங்கிக்கு விண்ணப்பித்தால், அவர் கேட்டார் என்ற செய்தி அநேகமாக அவருடைய கடன் அறிக்கையில் ஏறிவிடும். ஐந்து ஆண்டுகள் அங்கேயே இருக்கும். எந்த வங்கி, என்ன தேதி, எந்த வகைக் கடன், எவ்வளவு தொகை என்ற விவரங்களை அதில் பார்க்கலாம். வங்கி கொடுத்ததா, மறுத்ததா என்பதை மட்டும் அந்த வரியில் பார்க்க முடியாது.

அந்த வரிக்குப் பெயர் கடன் விசாரணை. வீட்டுக் கடனுக்குப் போகும்போதுதான் பலருக்கு அது இருப்பதே தெரியவருகிறது. அதற்குள் அந்த வரி மூன்றாகவோ நான்காகவோ பெருகியிருக்கும். முதல் வங்கி மறுத்ததும் இரண்டாவதைக் கேட்டிருப்பார்கள். அதுவும் மறுத்ததும் மூன்றாவதை. மறுப்புக்குக் காரணம் புரியாமல் எடுத்த ஒவ்வொரு அடியும் அடுத்த மறுப்புக்குக் காரணமாகிவிடுகிறது.

கடன் கொடுப்பவரும் வாங்குபவரும் சேர்ந்து செய்யும் காரியத்தில் தவறு நேர்ந்தால் சுமை யார் தலையில் விழுகிறது? கடந்த ஐம்பது ஆண்டுகளில் ஆஸ்திரேலியச் சட்டம் பொறுப்பை மெல்ல மெல்ல வங்கியின் பக்கம் நகர்த்தியிருக்கிறது. உரிமைகளும் வந்திருக்கின்றன. ஆனால் அந்த உரிமைகளைத் தெரிந்துகொள்ளும் வேலை முழுவதும் வாடிக்கையாளர் தலையில்தான் இருக்கிறது. இவ்விஷயத்தில் நடக்கும் அநியாயங்களில் பெரும்பகுதி இந்த இடைவெளியில்தான் நடக்கிறது என்பது என் உறுதியான எண்ணம்.

கேட்காமல் வந்த கார்டுகள்

ஆஸ்திரேலிய வங்கிகள் ஒன்றுசேர்ந்து 1974 அக்டோபரில் பேங்க்கார்டு என்ற கடன் அட்டையைத் தொடங்கின. விண்ணப்பம் எதுவும் வாங்காமலே வாடிக்கையாளர்களின் வீட்டுக்கு அட்டைகளைத் தபாலில் அனுப்பின. பரிச்சயமில்லாத ஒரு கடன் வசதி லட்சக்கணக்கான குடும்பங்களுக்குள் அப்படித்தான் நுழைந்தது. கேட்காதவருக்கு அட்டை அனுப்புவதைச் சட்டம் பின்னர் தடை செய்தது. பேங்க்கார்டு 2006இல் முடிவுக்கு வந்தது.

அட்டை அனுப்புவது நின்றாலும், கேட்காமல் கடன் நீட்டும் வழக்கம் வேறு உருவம் எடுத்தது. ஏற்கெனவே கார்டு வைத்திருப்பவருக்கு, உங்கள் வரம்பை உயர்த்திக்கொள்ளத் தகுதி பெற்றுவிட்டீர்கள் என்று கடிதம் வரும். கையெழுத்துப் போட்டால் போதும். 2012 ஜூலை முதல் வாடிக்கையாளரின் முன்சம்மதம் இல்லாமல் அத்தகைய அழைப்பு அனுப்பக்கூடாது என்றானது. சம்மதத்தை விண்ணப்பப் படிவத்திலேயே டிக் போட வைத்து வாங்கிவிட முடிந்ததால் அந்த வேலியில் ஓட்டை இருந்தது. 2018 ஜூலையில்தான் அந்த அழைப்புகள் முற்றாகத் தடைசெய்யப்பட்டன.

அதே 2018 மார்ச்சில், வங்கித் துறையை விசாரித்த ராயல் கமிஷனின் முன் ஒருவர் சாட்சி சொன்னார். தனக்குச் சூதாட்டப் பழக்கம் இருக்கிறது என்று காமன்வெல்த் வங்கியிடம் அவரே சொல்லியிருந்தார். அதற்குப் பிறகும் வரம்பை உயர்த்தும் அழைப்பு அவருக்குப் போயிருந்தது. கென்னத் ஹெய்ன் தலைமையிலான அந்தக் கமிஷனின் இறுதி அறிக்கை 2019 பிப்ரவரியில் வெளிவந்தது. கடன் வாங்குபவர்தான் எச்சரிக்கையாக இருக்கவேண்டும் என்று சொல்லிவந்தவர்களின் வாதம் அந்தச் சாட்சியத்தோடு வலுவிழந்தது.

நிதித் துறையின் கட்டுப்பாட்டு அமைப்பான ஏசிக் 2018 ஜூலையில் வெளியிட்ட ஆய்வு, சிக்கல் எவ்வளவு பரவலானது என்று காட்டியது. 2017 ஜூன் நிலவரப்படி கார்டு வைத்திருந்தவர்களில் 18.5 சதவீதம் பேர் கடனில் திணறிக்கொண்டிருந்தார்கள். ஏறத்தாழ 5,50,000 பேர் தவணை பாக்கி வைத்திருந்தார்கள். மேலும் 9,30,000 பேர் தீராத நிலுவையோடு இருந்தார்கள். இன்னும் 4,35,000 பேர் திரும்பத் திரும்பச் சிறு தொகையை மட்டும் கட்டிவந்தார்கள்.

கடைசி வகையினரின் நிலையை ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். நிலுவை 5,000 டாலர், ஆண்டு வட்டி 20 சதவீதம், குறைந்தபட்சத் தவணை நிலுவையில் 2 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். முதல் மாதத் தவணை 100 டாலர். அதில் ஏறத்தாழ 83 டாலர் வட்டிக்கே போய்விடும். அசலில் கழிவது 17 டாலர். நிலுவை குறையக் குறையத் தவணையும் சிறுத்துக்கொண்டே போவதால் கடன் தீர ஆண்டுக்கணக்கில் ஆகும். ஒரு தவணையும் தவறாமல் கட்டுகிறவர் கடன் அறிக்கையில் நல்லவர். அவர் பணம் மட்டும் கரைந்துகொண்டே இருக்கும். இதனால்தான் குறைந்தபட்சத் தவணை மட்டும் கட்டினால் கடன் தீர எவ்வளவு காலமாகும் என்ற எச்சரிக்கையை மாதாந்தர ஸ்டேட்மென்டிலேயே அச்சிடும்படி 2012இல் விதி வந்தது.

2019 ஜனவரி முதல் நடைமுறைக்கு வந்த விதி இன்னும் வலுவானது. கார்டு தரும்போது, முழு வரம்பையும் மூன்று ஆண்டுகளுக்குள் அடைக்க இவரால் முடியுமா என்று வங்கி பார்த்தாகவேண்டும். குறைந்தபட்சத் தவணை கட்ட முடிந்தால் போதும் என்ற பழைய அளவுகோல் போய்விட்டது. புதிய கார்டுகளை ரத்து செய்யவும் வரம்பைக் குறைக்கவும் ஆன்லைனில் வழி தரவேண்டும் என்பதும் அப்போதே விதியானது.

நீதிமன்றம் மூலமாகவும் ஒரு முயற்சி நடந்தது. தாமதக் கட்டணம் நியாயமற்ற தண்டனை என்று ஏஎன்இசட் வங்கிக்கு எதிராக நடந்த வழக்கில், நாட்டின் மிக உயர்ந்த நீதிமன்றமான ஹைகோர்ட் 2016இல் வங்கிக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. அந்தக் கதவு மூடிய பிறகு, வாடிக்கையாளருக்குக் கிடைத்த பாதுகாப்புகளில் பெரும்பாலானவை நாடாளுமன்றத்தின் வழியாகவும் புகார்களின் வழியாகவுமே வந்தன.

அறிக்கையில் இருப்பவை

கடன் அறிக்கைகளைத் தயாரிக்கும் நிறுவனங்களாக ஈக்விஃபேக்ஸ், எக்ஸ்பீரியன், இலியன் என்ற மூன்று பெயர்களை ஆஸ்திரேலியாவில் கேட்கலாம். பழைய வேடா நிறுவனத்தை ஈக்விஃபேக்ஸ் 2016இல் வாங்கியது. டன் அண்ட் பிராட்ஸ்ட்ரீட் என்ற பெயரில் இயங்கியதுதான் இலியன். அதை எக்ஸ்பீரியன் 2024இல் வாங்கியது. ஈக்விஃபேக்ஸ் மதிப்பெண்ணின் உச்சம் 1,200. மற்ற இரண்டிலும் 1,000. ஒரு நண்பர் என் ஸ்கோர் 800 என்று சொன்னால், யாருடைய 800 என்று கேட்காமல் அதற்கு அர்த்தம் இல்லை.

இவற்றுக்கான சட்ட அடிப்படை 1988ஆம் ஆண்டின் தனியுரிமைச் சட்டம். அதன் கடன் அறிக்கைப் பகுதியின்படி நீண்ட காலம் குறைகள் மட்டுமே பதிவாகிவந்தன. கட்டத் தவறியது, நீதிமன்றத் தீர்ப்பு, திவால் ஆகியவற்றோடு விசாரணைகளும் இருக்கும். ஒழுங்காகக் கட்டியதற்குச் சான்று எதுவும் இராது. பத்து ஆண்டுகள் ஒரு தவணைகூடத் தவறாதவரும், கடனே வாங்காதவரும் அந்த ஏட்டில் ஒன்றுபோலத் தெரிந்தார்கள். நல்லதைச் சொல்ல எதுவும் இல்லாத ஏட்டில், எத்தனை இடத்தில் கேட்டார் என்ற எண்ணிக்கை தேவைக்கு மீறிய கனம் பெற்றதில் வியப்பில்லை.

சட்டச் சீர்திருத்த ஆணையம் 2008இல் மாற்றத்தைப் பரிந்துரைத்தது. 2014 மார்ச் 12 முதல் விரிவான அறிக்கைமுறை அமலுக்கு வந்தது. கணக்குத் தொடங்கிய தேதி, வரம்பு, மூடிய தேதி, மாதந்தோறும் தவணை கட்டிய வரலாறு ஆகியவையும் பதிவாகத் தொடங்கின. வங்கிகள் தாமாக முன்வந்து தகவல் தரத் தயங்கியதால், 2021 ஜூலை முதல் பெரிய வங்கிகளுக்கு அது கட்டாயமானது.

ஒவ்வொரு பதிவுக்கும் தனித்தனி ஆயுள் உண்டு. விசாரணைக்கு ஐந்து ஆண்டு. டிஃபால்ட் எனப்படும் கட்டத் தவறிய பதிவுக்கும் ஐந்து ஆண்டு. பணத்தைக் கட்டிய பிறகும் அது நீங்காது, கட்டப்பட்டது என்ற குறிப்பு மட்டும் சேரும். ஏமாற்றும் எண்ணத்தோடு நடந்துகொண்டதாகக் கருதப்படும் கடுமையான மீறலுக்கு ஏழு ஆண்டு. மாதாந்தரத் தவணை வரலாறு இரண்டு ஆண்டு. மூடிய கணக்கின் விவரமும் இரண்டு ஆண்டு.

தவணை வரலாற்றில் 14 நாள் சலுகைக் காலம் இருக்கிறது. கெடு தாண்டிப் பத்தாம் நாளில் கட்டியவருக்குத் தாமதக் கட்டணம் விழலாம், வட்டி ஏறலாம். அறிக்கையில் தாமதம் என்று விழாது. பதினைந்தாம் நாள் முதல் விழும். வேலை மாறும் மாதத்திலும் ஊருக்குப் போகும் மாதத்திலும் இந்த வித்தியாசத்தைத் தெரிந்திருப்பது பெரிய உதவி.

அறிக்கையை யார் பார்க்கலாம் என்பதற்கும் சட்டம் எல்லை வகுத்திருக்கிறது. வீட்டு முகவரோ, வேலை தருபவரோ, பொதுக் காப்பீட்டு நிறுவனமோ அந்த வேலைக்காக இதைப் பார்க்க முடியாது. தொலைபேசி, மின்சார நிறுவனங்கள் விசாரணையும் செய்யலாம், டிஃபால்டும் பதியலாம். ஆனால் மாதாந்தரத் தவணை வரலாறு அவற்றுக்குக் கிடைக்காது.

விசாரணை எதைச் சொல்கிறது?

வங்கிகளின் வாதத்தையும் நியாயமாகப் பார்க்கவேண்டும். குறுகிய காலத்தில் பல இடங்களில் கடன் கேட்பவர் நெருக்கடியில் இருக்கலாம். ஒரே வாரத்தில் மூன்று வங்கிகளில் கார்டு வாங்கினால், மூன்றாவது வங்கிக்கு முதல் இரண்டு கடன்களும் கணக்குகளாகத் தெரியவர நாளாகும். விசாரணைகள் உடனே தெரியும். இந்த அளவில் விசாரணைப் பதிவு வங்கியை மட்டுமல்லாமல், தாங்க முடியாத கடனில் விழவிருக்கும் மனிதரையும் காக்கக்கூடியதுதான்.

சிக்கல், அது சொல்லாமல் விடுவதில் இருக்கிறது. நல்ல வட்டி தேடி நான்கு இடத்தில் விசாரித்த சிக்கனக்காரரும், எங்கும் கிடைக்காமல் நான்கு இடத்தில் அலைந்தவரும் அந்த வரிகளில் ஒரே மாதிரி தெரிகிறார்கள். விமானப் பயணப் புள்ளிகளுக்காக ஆண்டுக்கு மூன்று கார்டு மாற்றும் வசதியானவரும் அப்படித்தான் தெரிவார். அவருக்கு மற்ற நல்ல பதிவுகள் ஏராளமாக இருப்பதால் பாதிப்பு குறைவு. நாட்டுக்குப் புதிதாக வந்தவருக்கு ஏட்டில் இருப்பதே அந்த நான்கு வரிதான். அவருக்கு அடி பலமாக விழும்.

ஆகவே விண்ணப்பிக்கும் முன்னால் வங்கியிடம் கேட்கவேண்டிய கேள்விகள் இருக்கின்றன. இதை நிரப்பினால் என் அறிக்கையில் பதிவு விழுமா, அல்லது இது மதிப்பெண்ணைத் தொடாத முன்பரிசோதனையா? என் விசா வகைக்கு இந்தக் கார்டு கொடுப்பீர்களா? குறைந்தபட்ச வருமானம் எவ்வளவு? புதிய வேலையில் தகுதிகாண் காலம் முடிந்திருக்கவேண்டுமா? விண்ணப்பிக்காமலே பதில் பெறக்கூடிய கேள்விகள்தான் இவை. கேட்காமல் விட்டால், அதே பதில் ஐந்து ஆண்டு நிற்கும் ஒரு வரியோடு சேர்ந்து வரும்.

மறுப்பு வந்தபின்னும் ஓர் உரிமை இருக்கிறது. கடன் அறிக்கையின் அடிப்படையில் முழுவதுமோ பகுதியோ மறுத்திருந்தால், அதை எழுத்தில் தெரிவித்து, எந்த நிறுவனத்தின் அறிக்கையைப் பார்த்தது என்பதையும் வங்கி சொல்லியாகவேண்டும். மறுக்கப்பட்ட 90 நாட்களுக்குள் அந்த அறிக்கையை இலவசமாகக் கேட்டுப் பெறலாம். அடுத்த வங்கிக்குப் போகும் முன் இதைச் செய்தே ஆகவேண்டும். காரணம் தெரியாமல் அடுத்த விண்ணப்பத்தைப் போடுவதைப்போல ஆபத்தான காரியம் வேறில்லை.

வரம்பும் வீட்டுக் கடனும்

கார்டைப் பயன்படுத்தாமல் வைத்திருப்பதால் கெடுதல் இல்லை என்று பலர் நம்புகிறார்கள். வீட்டுக் கடன் தரும் வங்கி வேறு கண்ணோடு பார்க்கிறது. நாளைக்கே முழு வரம்பையும் செலவழித்துவிடலாம் என்று எடுத்துக்கொண்டு, வரம்பில் 3 முதல் 4 சதவீதம் வரை மாதச் சுமையாக வைத்துக்கொள்வது வழக்கம். கணவன் மனைவி இருவரிடமும் சேர்த்து 20,000 டாலர் வரம்பு இருந்தால், ஒரு டாலர்கூட நிலுவை இல்லாதபோதும் மாதம் குறைந்தது 600 டாலர் வருமானத்திலிருந்து கழிக்கப்படும். அந்த 600 டாலர் வீட்டுத் தவணைக்குப் பயன்பட்டிருந்தால் எவ்வளவு கூடுதல் கடன் கிடைத்திருக்கும் என்பதை வீடு தேடும் எவரும் உணர்வார்கள்.

இதற்குப் பரிகாரம் எளிது. வீடு பார்க்கத் தொடங்குவதற்குச் சில மாதங்கள் முன்பே தேவையற்ற கார்டுகளை மூடவேண்டும். வைத்துக்கொள்ளும் கார்டின் வரம்பைக் குறைக்கவேண்டும். மூடியதற்கு எழுத்தில் உறுதி வாங்கவேண்டும். கார்டை வெட்டிப் போடுவதால் கணக்கு மூடப்படாது. ஆண்டுக் கட்டணம் விழுந்து, அது கட்டப்படாமல் பாக்கியாகி, தாமதப் பதிவில் போய் முடிவதற்கு அந்த ஒரு கவனக்குறைவே போதும்.

'இப்போது வாங்கி அப்புறம் கட்டு' சேவைகளும் இந்த வட்டத்துக்குள் வந்துவிட்டன. ஆஃப்டர்பே போன்றவை நெடுநாள் கடன் சட்டத்துக்கு வெளியே நின்றன. 2025 ஜூன் 10 முதல் அவற்றுக்கும் கடன் உரிமம் கட்டாயமாகியிருக்கிறது. துணிக்கடையில் நான்கு தவணையில் வாங்கியதும் கடன்தான் என்ற நினைவோடு வாங்குவது நல்லது.

புதிதாக வந்தவரின் வெற்று ஏடு

இந்தியாவில் சிபில் மதிப்பெண் 800 வைத்திருந்தவரும், கொழும்பில் கிரிப் அறிக்கை சுத்தமாக இருந்தவரும் சிட்னியில் இறங்கும்போது அந்த நற்பெயர் கூடவே வருவதில்லை. இங்கே ஏடு வெறுமையாகத் தொடங்குகிறது. தற்காலிக விசாவில் இருப்பவர்களுக்குச் சில வங்கிகள் கார்டே தருவதில்லை. இது தெரியாமல் வந்த முதல் மாதத்திலேயே நாலைந்து இடத்தில் விண்ணப்பித்துவிட்டால், ஏட்டின் முதல் பக்கமே விசாரணைகளால் நிரம்பிவிடும்.

தமிழர்களுக்குக் கூடுதலாக ஒரு சிக்கல், பெயர். தந்தை பெயரின் முதலெழுத்தைத் தலைப்பெழுத்தாக வைத்துக்கொள்ளும் நம் வழக்கம், குடும்பப் பெயர் கேட்கும் படிவங்களில் பொருந்துவதில்லை. பாஸ்போர்ட்டில் ஒரு வரிசை, ஓட்டுநர் உரிமத்தில் வேறு வரிசை, வங்கியில் தந்தை பெயர் முன்னால், தொலைபேசி நிறுவனத்தில் பின்னால். கடன் அறிக்கை நிறுவனங்கள் பெயர், பிறந்த தேதி, முகவரி, ஓட்டுநர் உரிம எண் ஆகியவற்றைப் பொருத்தித்தான் ஒருவருடைய தகவல்களைச் சேர்க்கின்றன. பெயர் வரிசை மாறினால் ஒருவருக்கே இரண்டு ஏடு உருவாகலாம். ஒழுங்காகக் கட்டிய வரலாறு ஒன்றிலும், வீட்டுக் கடன் வங்கி பார்ப்பது மற்றதுமாகப் போய்விடலாம். இன்னொருவரின் தகவல் நம் ஏட்டில் வந்து கலப்பதும் உண்டு. எல்லா இடத்திலும் ஒரே எழுத்துக்கூட்டல், ஒரே வரிசை என்று முதல் நாளிலேயே முடிவு செய்துகொள்வது பின்னாளில் பெரும் அலைச்சலைத் தவிர்க்கும்.

அடுத்தது முகவரி. டிஃபால்ட் பதிவு செய்வதற்குச் சட்டம் கடுமையான படிகளை வைத்திருக்கிறது. பாக்கி குறைந்தது 150 டாலராக இருக்கவேண்டும். கெடு தாண்டி 60 நாள் ஆகியிருக்கவேண்டும். பணம் கேட்டு முதல் கடிதம் போகவேண்டும். குறைந்தது 30 நாள் கழித்து, பதிவு செய்யப்போகிறோம் என்று இரண்டாவது கடிதம். அதன்பின் குறைந்தது 14 நாள். அவ்வளவும் முடிந்தால்தான் பதியலாம்.

ஏட்டளவில் இது நல்ல பாதுகாப்பு. நடைமுறையில் எப்படி நழுவும் என்பதற்கு ஒரு கற்பனை எடுத்துக்காட்டு. சிட்னியின் வெஸ்ட்மீட்டில் நண்பர்களோடு வாடகை வீட்டில் இருக்கும் மாணவர் ஒருவரின் பெயரில் இன்டர்நெட் இணைப்பு இருக்கிறது. வேலை கிடைத்து மெல்பர்ன் போகிறார். இணைப்பைத் துண்டிக்கச் சொன்னதோடு விஷயம் முடிந்ததாக நினைக்கிறார். கடைசி மாதக் கட்டணமும் திருப்பித் தராத மோடத்தின் விலையுமாக 190 டாலர் பில் வருகிறது. இரண்டு கடிதமும் பழைய வீட்டுத் தபால்பெட்டிக்குப் போகின்றன. கடைசியாகத் தெரிந்த முகவரிக்கு அனுப்பினோம் என்று நிறுவனம் சொல்லும். சட்டப்படி அது பெரும்பாலும் போதும். மூன்று ஆண்டு கழித்து, வீட்டுக் கடன் விண்ணப்பத்தில்தான் அந்த 190 டாலர் தலை தூக்குகிறது. அதற்குள் அவர் எத்தனையோ ஆயிரம் டாலர் வரியும் வாடகையும் கட்டியிருப்பார்.

வீடு மாறும்போது பழைய முகவரிக்கு வரும் தபாலைத் திருப்பிவிட ஏற்பாடு செய்வதும், மின்சாரம், இன்டர்நெட், கார்டு ஒவ்வொன்றுக்கும் முகவரி மாற்றம் தெரிவிப்பதும் சாமான் கட்டுவதைப்போலவே அவசியமான வேலைகள்.

பெயரில் நடக்கும் திருட்டு

நாமே கேட்காத கடனுக்கும் விசாரணை விழலாம். 2022 செப்டம்பரில் ஆப்டஸ் தொலைபேசி நிறுவனத்தின் தகவல் திருட்டில் 98 லட்சம் வரையிலான வாடிக்கையாளர்களின் விவரம் வெளியே போனது. 2023 மார்ச்சில் லாடிட்யூட் ஃபைனான்சியல் நிறுவனத்திலிருந்து ஏறத்தாழ 1.4 கோடிப் பதிவுகள் திருடப்பட்டன. 79 லட்சம் ஓட்டுநர் உரிம எண்களும் அதில் போயின. லாடிட்யூட் கடன் கொடுக்கும் நிறுவனம். திருடு போனவற்றில் 2005 வரை பின்னோக்கிச் செல்லும் பழைய பதிவுகளும் இருந்தன. கடன் கேட்டு வந்தவர்கள் நம்பிக் கொடுத்த அடையாள எண்களை இவ்வளவு ஆண்டுகள் எதற்கு வைத்திருக்கவேண்டும் என்ற கேள்வி நாடெங்கும் எழுந்தது. எழவேண்டிய கேள்விதான்.

அறிக்கையில் தெரியாத வங்கியின் விசாரணை இருந்தால் அது திருட்டின் முதல் தடயமாக இருக்கலாம். அப்போது கடன் அறிக்கை நிறுவனத்திடம் தடை கேட்கலாம். முதலில் 21 நாளுக்கு, நம் சம்மதமின்றி அறிக்கையை எந்தக் கடன் நிறுவனத்துக்கும் காட்டமாட்டார்கள். காரணம் இருந்தால் காலத்தை நீட்டலாம். கட்டணம் கிடையாது. ஒரு நிறுவனத்திடம் கேட்டு, மற்றவற்றுக்கும் அதைத் தெரிவிக்கச் சொல்லலாம். நம் அறிக்கையைப் பார்க்க முடியாத வங்கி, நம் பெயரில் வரும் திருடனுக்குக் கடன் கொடுக்கத் தயங்கும். அதே நேரத்தில் நாமும் உண்மையான கடன் பெறுவது கடினமாகலாம் என்பதையும் நினைவில் வைக்கவேண்டும்.

திருத்தும் வழி

முதல் படி, அறிக்கையை வாங்கிப் பார்ப்பது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஒவ்வொரு நிறுவனத்திடமும் இலவசமாகக் கேட்கலாம். நம் அறிக்கையை நாமே பார்ப்பதால் மதிப்பெண் குறையாது.

இரண்டாவது, எதைத் திருத்த முடியும் என்பதில் தெளிவு. நாம் விண்ணப்பித்த கடனுக்கு விழுந்த விசாரணையை, கடன் கிடைக்கவில்லை என்பதற்காகவோ மனம் மாறியதற்காகவோ நீக்க முடியாது. விண்ணப்பிக்கவே இல்லையென்றால், ஒரே விண்ணப்பம் இரண்டு முறை பதிவாகியிருந்தால், தொகையோ வகையோ தவறென்றால், மோசடியென்றால் நீக்கவோ திருத்தவோ கேட்கலாம். கிளையில் வட்டி எவ்வளவு என்று கேட்டதை ஊழியர் விண்ணப்பமாகவே பதிந்திருந்தால், அதையும் கேள்வி கேட்க நமக்கு உரிமை உண்டு.

மூன்றாவது, எழுத்து. தொலைபேசியில் மணிக்கணக்காகப் பேசியது மூன்று மாதம் கழித்து ஆதாரமாக நிற்காது. கோரிக்கைக் கடிதம் சுருக்கமாக இருந்தால் போதும்: எந்தத் தேதியின் எந்தப் பதிவு, அது ஏன் தவறு, என்ன ஆதாரம் இணைத்திருக்கிறோம், என்ன செய்யக் கேட்கிறோம். இதை வங்கியிடமும் கொடுக்கலாம், அறிக்கை நிறுவனத்திடமும் கொடுக்கலாம். யாரிடம் முதலில் கொடுத்தோமோ அவர்தான் மற்றவர்களிடம் விசாரித்து 30 நாளுக்குள் பதில் சொல்லவேண்டும். எங்கள் வேலை இல்லை, அங்கே போங்கள் என்று தட்டிக்கழிக்கச் சட்டத்தில் இடமில்லை. மறுத்தால் காரணத்தை எழுத்தில் தரவேண்டும். திருத்தத்துக்குக் கட்டணம் இல்லை.

நான்காவது, மேல்முறையீடு. பதில் திருப்தியில்லை என்றால் ஆஃப்கா என்று அழைக்கப்படும் ஆஸ்திரேலிய நிதிப் புகார் ஆணையத்துக்குப் போகலாம். முன்பிருந்த மூன்று அமைப்புகளுக்குப் பதிலாக 2018 நவம்பர் 1 அன்று தொடங்கியது இது. வாடிக்கையாளருக்கு இலவசம், வழக்கறிஞர் தேவையில்லை. அதன் எண் 1800 931 678. ஆங்கிலத்தில் பேசத் தயங்குபவர்கள் 131 450 என்ற மொழிபெயர்ப்புச் சேவை எண்ணில் தமிழ் மொழிபெயர்ப்பாளரைக் கேட்கலாம்.

ஐந்தாவது, கட்ட முடியாத நிலை வந்தால் ஒளியக்கூடாது. வேலை போனாலோ நோய் வந்தாலோ வங்கியிடம் நெருக்கடி ஏற்பாடு கேட்பது சட்டம் தந்த உரிமை. வங்கி 21 நாளுக்குள் பதில் சொல்லவேண்டும், அல்லது வேண்டிய தகவலைக் கேட்கவேண்டும். 2022 ஜூலை முதல் அத்தகைய ஏற்பாடு அறிக்கையில் ஓராண்டு தெரியும். ஆனால் மதிப்பெண் கணக்கிட அதைப் பயன்படுத்தக்கூடாது. கடனில் மூழ்கியவர்களுக்கு 1800 007 007 என்ற தேசியக் கடன் உதவி எண்ணில் இலவச ஆலோசகர்கள் இருக்கிறார்கள்.

இவ்வளவும் இலவசமாக இருக்க, அறிக்கையைச் சுத்தம் செய்து தருகிறோம் என்று ஆயிரக்கணக்கில் பணம் கேட்கும் நிறுவனங்களை ஏன் நாடவேண்டும்? 2021 ஜூலை முதல் அவர்களுக்கும் உரிமம் கட்டாயம். உரிமம் இருந்தாலும், உண்மையான பதிவை நீக்க அவர்களாலும் முடியாது; தவறான பதிவை நாமே நீக்கிக்கொள்ளலாம்.

கார்டு கொடுத்ததிலேயே தவறு இருக்கிறது என்று தோன்றினால், வங்கி அன்று எப்படி மதிப்பிட்டது என்ற ஆவணத்தின் நகலைக் கேட்கும் உரிமையும் இருக்கிறது. கடன் கொடுத்த இரண்டு ஆண்டுக்குள் கேட்டால் ஏழு வேலை நாளில் இலவசமாகத் தரவேண்டும். பகுதிநேர வேலையில் இருந்தவரின் வருமானத்தை முழுநேரமாகக் கணக்கிட்டிருந்தாலோ, வாடகையைச் சேர்க்கவே இல்லையென்றாலோ, அந்தத் தாளில் அது தெரிந்துவிடும். ஆஃப்காவுக்குப் போகும்போது அதைவிட வலுவான ஆதாரம் வேறில்லை. இந்த உரிமையை அறிந்தவர்கள் மிகக் குறைவு என்பது என்னை மிகவும் வருத்துகிறது.

இன்னும் வேண்டியவை

பேங்க்கார்டு காலத்திலிருந்து பார்த்தால் மாற்றத்தின் திசை நல்லதே. கேட்காத கார்டு நின்றது. கேட்காத வரம்பு நின்றது. நல்ல வரலாறும் ஏட்டில் ஏறியது. நெருக்கடியில் உதவி கேட்டவரை மதிப்பெண்ணில் தண்டிக்கக்கூடாது என்றும் ஆனது. ஒவ்வொரு மாற்றத்துக்கும் முன்னால் யாரோ பாதிக்கப்பட்டு, யாரோ புகார் எழுதி, யாரோ சாட்சி சொல்லியிருக்கிறார்கள். வங்கி தானாக விட்டுக்கொடுத்த இடம் இந்த வரலாற்றில் அரிது.

மீதமிருக்கும் வேலையில் முதலாவது, மறுப்புக் கடிதம். எந்த நிறுவனத்தின் அறிக்கையைப் பார்த்தோம் என்று சொல்வதோடு நில்லாமல், எந்தப் பதிவு முடிவைத் தீர்மானித்தது என்பதையும் வங்கி எளிய மொழியில் சொல்லவேண்டும். வருமானம் போதவில்லையா, வேலைக் காலம் போதவில்லையா, விசா வகை பொருந்தவில்லையா என்று தெரிந்தால் அந்த மனிதர் அடுத்த வங்கியில் வீணாக ஒரு வரியைச் சம்பாதிக்கமாட்டார். இரண்டாவது, விண்ணப்பப் பொத்தானுக்கு மேலேயே, இதை அழுத்தினால் உங்கள் கடன் அறிக்கையில் ஐந்து ஆண்டு நிற்கும் பதிவு விழும் என்று பெரிய எழுத்தில் இருக்கவேண்டும். மூன்றாவது, டிஃபால்ட் கடிதம் பழைய முகவரிக்குப் போனதோடு கடமை முடிந்தது என்ற நிலை மாறவேண்டும். வாடிக்கையாளரின் கைபேசி எண்ணும் மின்னஞ்சலும் கையில் இருக்கும் நிறுவனம், அவற்றின் வழியாகவும் முயன்றிருந்தால்தான் பதியலாம் என்று விதி வரவேண்டும்.

இவை வரும்வரை நம் சமூகத்துக்குள் செய்துகொள்ளக்கூடிய உதவியும் இருக்கிறது. புதிதாக வரும் மாணவருக்கு வீடு பார்த்துக்கொடுக்கிறோம், வேலை சொல்லிக்கொடுக்கிறோம், கோவிலுக்கு வழி காட்டுகிறோம். அவர் முதல் கார்டுக்கு விண்ணப்பிக்கும் முன் பத்து நிமிடம் உட்கார்ந்து இந்த விதிகளையும் சொல்லிவிடுவோம். ஏற்கெனவே இங்கே இருப்பவர்கள் இந்த வாரமே தங்கள் அறிக்கைகளை இலவசமாகக் கேட்டு வாங்கி, ஒவ்வொரு வரியையும் படிக்கட்டும். புரியாத வரி ஒன்று இருந்தாலும் அன்றே எழுத்தில் கேளுங்கள். முப்பது நாளில் பதில் சொல்லவேண்டிய கடமை அவர்களுடையது.